திமிங்கிலப் பெட்டியும் வெளிவராத நீர்நாயும்

கரப்பான் பூச்சிக்குப் பழைய வீடியோ கேம் பெட்டி என்றால் உயிர். உள்ளே சூடு இருக்கும், இருட்டு இருக்கும், எந்தக் காலத்திலோ ஏதோ பிள்ளை சிந்திய பிஸ்கட் தூள் இருக்கும். தொகுரா மிசாவோ திருகுகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கியபோது அவை குடும்பத்தோடு செத்துக் கிடந்தன. சர்க்யூட் பலகை முழுக்க முட்டைக்கூடுகள், ஊறவைத்த ராஜ்மாவைச் சிந்தியதுபோல.

"டென்ச்சோ, இதை யாரு வாங்கி வெச்சது?"

கடை மேலாளரை ஜப்பானில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேலாளர் ஹமாஜி மிசாவோவைவிடப் பத்து வயது சின்னவன். திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தான்.

"என்ன, உள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"இருந்தாங்க. மூணு தலைமுறை."

"பெட்டிய தனியா வாங்கினா ஒரு விலை, குடும்பத்தோடன்னா ஒரு விலைன்னு போட்டுருவோம்."

"வாந்தி வருது. போங்க."

"நம்ம சுத்தக்காரம்மாவுக்கு இதுகூட வரலேன்னா எப்படி!" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஓசாகாவின் நிப்போன்பாஷியில் இரண்டாவது மாடியில் இருந்த அந்தக் கடையின் பின்னறையில் மிசாவோவின் வேலை, வந்து சேரும் பழைய பெட்டிகளைக் கழுவுவது. இரட்டைக் கையுறை, முகக்கவசம், தலையில் பிளாஸ்டிக் உறை. எதிரே வாளி. சிகரெட் குடிக்கிற வீட்டிலிருந்து வந்த பெட்டியின் மூடியை அதில் போட்டால், காப்பி இறங்குவதுபோலத் தார் இறங்கும். சில பெட்டிகளில் மின்தேக்கி ஒழுகி, கெட்ட மீன் நாற்றம் அடிக்கும். கையில் பிடிக்கிற கட்டுப்பாட்டுக் கருவிகள்தான் எல்லாவற்றிலும் மோசம். பொத்தான்களின் இடுக்கில் நாற்பது வருடத்துக் கையழுக்கு கறுப்பு மெழுகாக இறுகியிருக்கும். அதைப் பல்குச்சியால் தோண்டும்போது, யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதனின் நகக்கண்ணைத் தோண்டுகிறோம் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

மதியத்துக்குச் சோற்றுருண்டை. கடையில் மெல்லிய தாளில் சுற்றி விற்பதைத்தான் வாங்குவாள். தாளைப் பிடித்தபடியே சாப்பிடலாம், சோற்றில் விரல் படாது.

இவ்வளவு அருவருப்பு உள்ளவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று ஹமாஜி பலமுறை கேட்டிருக்கிறான். அவள் சொன்னதில்லை. சொன்னால் அவன் அதையும் ஒரு நகைச்சுவை ஆக்கிவிடுவான்.

அவள் வளர்ந்தது யாவோவில். அப்பாவுக்குப் பல்துலக்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் சிவப்பும் வெள்ளையுமான ஒரு பெட்டியை வைத்து விளையாடிய காலம். மகளுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று அப்பா பொம்மைக் கடைக்குப் போனார். "எல்லாப் பிள்ளைங்களும் விளையாடுதே, அந்தப் பெட்டி குடுங்க" என்றார். கடைக்காரன் விற்காமல் தேங்கிக் கிடந்ததை எடுத்துக் கட்டிக்கொடுத்தான். நீல நிறம், மழமழவென்று வளைந்த முதுகு, இரண்டு பக்கமும் துடுப்புபோலக் கட்டுப்பாட்டுக் கருவிகள். பெயர் 'குஜிரா'. திமிங்கிலம்.

"உங்கப்பா பொம்மைக் கடைக்குன்னு கிளம்பி மீன் கடைக்குப் போயிட்டாராடி?" என்று வகுப்பே சிரித்தது.

குஜிராவைச் செய்தது தாமசே என்ற கம்பெனி. குளியல் தொட்டியில் மிதக்கவிடும் வாத்தும் படகும் செய்துகொண்டிருந்தவர்கள். வீடியோ கேமில் எல்லாரும் சம்பாதிக்கிறார்களே என்று அவர்களும் குதித்தார்கள். படம் சுமார்தான். ஆனால் அதன் ஒலிச் சிப்புக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் அற்புதமாக வரும். மழை, அருவி, குழாய் சொட்டுவது, எது கேட்டாலும் கொடுக்கும். வேறு எந்தப் பெட்டியாலும் முடியாதது அது. தண்ணீர்ச் சத்தத்துக்காக யார் பெட்டி வாங்குவார்கள்? மூன்றாம் வருடம் தாமசே கதவைச் சாத்தியது. மிச்சமிருந்த திமிங்கிலங்கள் திருவிழாக் கடைகளில் வளையம் எறிந்து ஜெயிக்கிற பரிசாகப் போயின.

சாத்துவதற்குச் சற்று முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபேனோவில் ஒரு பெரிய கடையின் பொம்மைத் தளத்தில், புதிதாக வரப்போகும் ஆட்டம் என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். 'கவாஉசோ', நீர்நாய். மிசாவோ வரிசையில் நின்று விளையாடினாள். ஒரு நீர்நாய் ஆற்றில் நீந்தும், அருவியில் சறுக்கி விழும். விழும்போது எழுந்த சத்தத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆற்றின் முடிவில் ஒரு மதகு. அது மெல்லத் திறந்தது. திறந்ததன் பின்னால் ஏதோ நிறம் தெரிந்த அந்தக் கணத்தில், பின்னால் நின்ற தடிப்பயல் முழங்கையால் இடித்து, ஐஸ்கிரீம் வழியும் கையோடு கருவியைப் பிடுங்கிக்கொண்டான். அந்தப் பிசுபிசுப்பை அவள் இன்னும் மறக்கவில்லை. ஆட்டம் விற்பனைக்கு வரவே இல்லை.

மதகுக்குப் பின்னால் என்ன? ஐம்பது வயதுப் பெண் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆசை இல்லை இது. ஆனால் அவளுக்கு இருந்த ஆசை அதுதான்.

நகல் இயந்திரம் வாடகைக்கு விடும் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. முதலாமவன் சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி உறிஞ்சிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டான். அத்தோடு அது முடிந்தது. இரண்டாமவனிடம் குறை ஒன்றும் இல்லை. அவனுக்குத்தான் இவளைப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் எமுலேட்டர் கண்ணில் பட்டது. எமுலேட்டர் என்பது ஒரு நடிப்பு. இன்றைய கணினி, தான் அன்றைய பெட்டி என்று நடிக்கும். பெட்டியில் செருகும் ஆட்டக் கேசட்டின் சிப்புக்குள் இருப்பதை ஒன்றுவிடாமல் படித்து நகலெடுத்துக் கொடுத்தால், அந்த நடிப்பை மெய்யென்று நம்பி ஆட்டம் ஓடும். பின்லாந்தில் ஒருவர் குஜிராவுக்கு அப்படி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். மிசாவோ அகராதியை வைத்துக்கொண்டு அவருக்கு எழுதினாள்: 'உங்கள் அருவியின் சத்தம் தவறு.' அவர் கோபிக்கவில்லை. 'எப்படித் தவறு?' என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் உண்மைப் பெட்டியை ஓடவிட்டு, எமுலேட்டரைப் பக்கத்தில் ஓடவிட்டு, எங்கே வேறுபடுகிறது என்று சொல்லிவந்தாள். பெட்டி திக்கினால் நடிகனும் திக்க வேண்டும். பெட்டி ஓரத்தில் படத்தைச் சிதறவிட்டால் நடிகனும் அதே இடத்தில் சிதறவிட வேண்டும். அதுதான் நேர்மை.

அவளுக்கு அதில் வேறொன்றும் பிடித்திருந்தது. நகலெடுத்த கோப்பில் எச்சில் இல்லை. கேசட் ஓடாவிட்டால் வாயை வைத்து 'ஃபூ' என்று ஊதுவது ஜப்பானில் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் வைத்தியம். ஊதிய எச்சில் கேசட் விளிம்பின் செம்புப் பற்களில் பச்சையாகப் பூத்துப்போய்த்தான் பாதிக் கேசட்டுகள் அவளிடம் வந்து சேரும். எமுலேட்டரில் ஓடும் ஆட்டத்தை யாரும் ஊதியதில்லை, நக்கியதில்லை, அதன்மேல் இருமியதில்லை. மனிதர்களைக் கழித்துவிட்டு ஆட்டம் மட்டும் நிற்கும். இந்தக் கடைக்கு அவள் வந்ததே, நகலெடுக்கப்படாத குஜிரா கேசட் ஏதாவது கையில் சிக்குமே என்றுதான். ஒவ்வொன்றாகச் சிக்கின. வெளிவந்ததெல்லாம் நகலாகிவிட்டது. மிச்சம் நீர்நாய் ஒன்றுதான்.

அது ஷிஓமியிடம் இருந்தது.

ஷிஓமி ஓய்வுபெற்ற பல் டாக்டர். தெசுகாயாமாவில் பெரிய வீடு, கீழ்த்தளத்தில் மூடிய பழைய கிளினிக். தாமசேயில் வேலை பார்த்த ஒருவர் இறந்தபின், வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து விற்பனைக்கு முன் சோதித்துப் பார்க்கச் செய்த நீர்நாயின் பலகையை அவர் வாங்கியிருந்தார். உலகத்திலேயே அது ஒன்றுதான். கடைக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார்.

"நகல் எடுத்துக்க விடுங்க, டாக்டர். உங்க பலகைக்கு ஒண்ணும் ஆகாது" என்று மிசாவோ கேட்காத வருடம் இல்லை.

"தொகுரா-சான், நகல் எடுத்தப்புறம் அது யாரோ பல்லு விளக்கின பிரஷ் மாதிரி. அதை அப்புறம் எவன் மதிப்பான்?"

"ஒரு தடவையாவது நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"போடறதா? சேகரிக்கிறவன் போடமாட்டான், அம்மா."

இந்தச் சேகரிப்பவர்களை நினைத்தால் அவளுக்குக் கரப்பான் தேவலை. கேசட்டை அக்ரிலிக் பெட்டியில் அடைத்து முத்திரை வைத்து, இத்தனைக்கு இத்தனை மதிப்பெண் என்று சீட்டு ஒட்டி, அதையே வாங்கி விற்று வாங்குவார்கள். ஒருவர் பிரிக்காத அட்டைப்பெட்டியை மூக்கோடு சேர்த்து மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவர்களில் யாருக்கும் விளையாடத் தெரியாது.

மழைக்காலத்தின் நடுவில் ஷிஓமி தன்னிடமிருந்த சில பெட்டிகளைக் கழித்துக்கட்ட நினைத்தார். எடுத்துவர ஹமாஜி மிசாவோவையும் கூட்டிப்போனான். வழியில், "டாக்டர் இன்னைக்கு நல்ல மூடுல இருக்காரு. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க, தொகுரா-சான். ஒரு நாளைக்கு மட்டும்" என்றான்.

உண்மையிலேயே அவர் நல்ல மனநிலையில்தான் இருந்தார். பார்லித் தேநீர் கொடுத்தார். பின் தானாகவே அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் திறந்தார்.

"இத்தனை வருஷமா கேக்கறீங்க. கையில எடுத்துப் பாருங்க."

பச்சைப் பலகை. நடுவில் இரண்டு சிப்புகள். அவற்றின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் மையால் 'கவாஉசோ' என்று எழுதியிருந்தது. எழுத்தின்மேல் பூஞ்சை வெள்ளையும் கறுப்புமாக மயிர் விட்டிருந்தது. ஈரக்குடையும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். தொட்டால் போதும், நாற்பது வருட ஆசை. கை நீளவில்லை. அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"சீ!" என்றாள். நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "இப்படியா வெச்சிருப்பீங்க? இந்தக் கையாலயா ஊர் ஜனங்க வாயில வேலை செஞ்சீங்க?"

ஷிஓமியின் முகம் காதுவரை சிவந்தது. டப்பாவை மூடினார். ஹமாஜி தரையைப் பார்த்தபடி தேநீரைக் குடித்துத் தீர்த்தான்.

வண்டியில் திரும்பும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "சிரிச்ச முகமா இருங்கன்னு சொன்னேன்."

எல்லாம் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மழைக்காலம் முடிந்து வெயில் கொளுத்த ஆரம்பித்த ஒரு முற்பகலில், ஷிஓமி கைப்பையோடு கடைக்கு வந்தார். புதிதாகச் சவரம் செய்த முகம். நேராகப் பின்னறைக்கு வந்து, பற்களைக் காட்டிச் சிரித்தார்.

"தொகுரா-சான், நகல் எடுத்துக்குங்க. நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு வெக்கமாப் போச்சு. ரெண்டு நாள் தூங்கலை. நாப்பது வருஷம் டாக்டரா இருந்தவன் நான். நீங்க கூசாமத் தொடணும்னே சுத்தம் பண்ணிக் கொண்டாந்திருக்கேன்."

எஃகுத் தட்டில், வெள்ளைப் பஞ்சுமேல் நீர்நாய் கிடந்தது. பலகை பளபளத்தது. மருத்துவமனை வாசம். பூஞ்சை இல்லை, காகிதமும் இல்லை. இரண்டு சிப்புகளின் முதுகிலும் சின்ன வட்டக் கண்ணாடி திறந்து மின்னியது, கழுவிவைத்த கண்ணைப்போல.

மிசாவோ தட்டின்மேல் குனிந்தாள்.

"காகிதம் எங்க, டாக்டர்?"

"அதுலதானே பூஞ்சை! ஆல்கஹால் தொட்டு உரிச்சுட்டேன். கீழ எவ்வளவு அழகா ஒரு சன்னல் இருக்கு பாருங்க, இத்தனை நாளா தெரியாமப் போச்சு."

"உரிச்சுட்டு?"

"அப்புறம் கிளினிக்ல இருக்கே, கருவிகளை வைக்கிற பெட்டி, ஊதா விளக்கு எரியுமே, அதுல வெச்சேன். ஒரு கிருமி மிஞ்சாது. உங்களுக்காக ஒரு ராத்திரி முழுக்க விட்டேன்."

அந்தச் சன்னல் அழகுக்கு வைத்ததில்லை. அந்த வகைச் சிப்பில் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். அழிக்கிற ரப்பர், புற ஊதா வெளிச்சம். கண்ணாடி வழியே அது விழுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். விழாமல் தடுக்கத்தான் காகிதம். இது மிசாவோவுக்குத் தெரியும். அன்று அந்தப் பூஞ்சைக் காகிதத்தைப் பார்த்தபோதும் தெரியும். 'உரித்துவிடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னதோ 'சீ'.

ஆனாலும் பலகையைச் சிப்பைப் படிக்கும் கருவியில் பொருத்தினாள். விரல் கூசவில்லை, அவ்வளவு சுத்தம். திரையில் எண்கள் வரிசையாக இறங்கின. எல்லாம் ஒரே எண். ஒரு வரி முழுக்க அதுவே, அடுத்த வரியும் அதுவே. பொருத்தியது சரியா என்று கழற்றிப் போட்டாள். அதுவே. இரண்டாவது சிப்பிலும் அதுவே.

"வருதா?" என்று ஷிஓமி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். அவர் மூச்சில் புதினா மணத்தது. "நிறைய இருக்கே!"

"காலி, டாக்டர். உங்க விளக்கு அழிச்சிடுச்சு."

அவள் விளக்கிச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு வெளுத்தார். முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு அந்தச் சன்னலையே பார்த்தார். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஹமாஜி உள்ளே வந்தான். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டான், தலையைச் சொறிந்தான்.

"யாருக்குத் தெரியும் இது?"

"நம்ம மூணு பேருக்கு" என்றாள் மிசாவோ.

"அப்ப ஒண்ணும் ஆகலையே!" ஹமாஜி திரைச்சீலையை இழுத்து மூடினான். "டோக்கியோக்காரர் ஒருத்தர் இதை எவ்வளவு நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு. முத்திரை போட்ட அக்ரிலிக்ல அடைச்சுக் குடுப்போம். அவரு என்ன, பிரிச்சா போட்டுப் பாக்கப் போறாரு?"

ஷிஓமி நிமிர்ந்தார். நிறம் திரும்பியது. "போடமாட்டான்" என்றார் மெதுவாக. "சேகரிக்கிறவன் போடமாட்டான்."

"அதான்! காகிதம் மட்டும் மறுபடி ஒட்டணும். அசலாட்டம் தெரியணும்." ஹமாஜி சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் கண் வாளியில் நின்றது. காலையிலிருந்து கழுவிய பெட்டிகளின் தார்த் தண்ணீர், அதில் இரண்டு கரப்பான் கால்கள் மிதந்தன. "இதுல ஒரு முக்கு முக்கி எடுத்தா காகிதம் நாப்பது வருஷப் பழசு. என்ன டாக்டர்?"

ஷிஓமி குனிந்து வாளிக்குள் பார்த்தார். பிள்ளைகளின் வாய்க்குள் பார்க்கிற அதே அக்கறையோடு பார்த்தார். "நிறம் சரியா இருக்கும்" என்றார். "எழுத்து கொஞ்சம் நடுங்கினாப்பல இருக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். மிசாவோ வாளியையும் அவர்களையும் பார்த்தாள். முட்டைக்கூடும் கையழுக்கும் எச்சில் துருவும் அவளை இவ்வளவு புரட்டியதில்லை. அவையெல்லாம் உடம்பிலிருந்து தானாக வருபவை. யோசித்து வருவதில்லை.

"தொகுரா-சான், உங்க கை சுத்தமான கை. நீங்களே பண்ணிடுங்க" என்று ஹமாஜி ஒரு காகிதத் துண்டையும் பேனாவையும் நீட்டினான். "கோவிச்சுக்காதீங்க. கடை நடக்கணும்ல? உங்க சம்பளமும் இதுலதான்."

அவள் வாங்கிக்கொண்டாள். காகிதத்தைச் சன்னலளவு வெட்டினாள். வாளியில் முக்கவில்லை. அப்படியே ஒட்டி, கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்துவிட்டு, பேனாவை வைத்துவிட்டுத் தடித்த மார்க்கரை எடுத்தாள். காகிதத்திலிருந்து தொடங்கி, சிப்பைத் தாண்டி, பலகையின் பச்சைமேலும் ஏறும்படி பெரிதாக எழுதினாள்: 'காலி'. கீழே தன் பெயரையும் எழுதினாள்.

"ஏய்!" ஹமாஜியின் குரல் கீச்சிட்டது. "என்ன பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு? டாக்டர், ஆல்கஹால் போட்டா போகுமா?"

"பலகையில போகும். காகிதத்துல போகாது" என்றாள் மிசாவோ. "நீங்க வேற காகிதம் ஒட்டிக்கலாம். ஆனா நான் இப்பவே பின்லாந்துக்கு எழுதப்போறேன். அவரு வெச்சிருக்கற குஜிரா ஆட்டங்களோட பட்டியல்ல நீர்நாய்க்கு நேரா, அழிஞ்சு போச்சு, எப்படி அழிஞ்சதுன்னு போட்டுருவாரு. டோக்கியோக்காரரும் அதைப் படிக்கிறவர்தான்."

"நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

"சரி."

அவள் கணினியின் முன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். காகிதத்தை உரித்தது யார் என்று எழுதினாள். உரிக்கும்படி கூசவைத்தது யார் என்றும் எழுதினாள். அதற்கு அகராதியில் சொல் தேட வேண்டியிருந்தது.

ஹமாஜி திரைச்சீலையை உதறிவிட்டுக் கடைப்பக்கம் போய்விட்டான். ஷிஓமி போகவில்லை. முக்காலியிலேயே இருந்தார். பிறகு முக்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"தொகுரா-சான். இத்தனை வருஷமா இதையே கேட்டீங்களே. அது என்ன ஆட்டம்?"

திரும்பாமலே சொன்னாள். "ஒரு நீர்நாய். ஆத்துல போகும். அருவியில சறுக்கும். தண்ணிச் சத்தம் நல்லா இருக்கும். கடைசியில ஒரு மதகு."

"மதகு திறக்குமா?"

"திறக்கும்."

"அப்புறம்?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவர் உண்மையாகவே கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் அவளையே பார்த்தது, மிச்சக் கதைக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல. அந்தப் பலகையை ஆண்டுக்கணக்காக வீட்டில் வைத்திருந்தவர் அவர்.

"எனக்குத் தெரியாது, டாக்டர்" என்றாள். "இனிமே யாருக்கும் தெரியாது. எழுந்திரிங்க, இந்த இடத்தைத் துடைக்கணும்."